கண்ணின் ஓரத்தில் இரண்டு நிமிடம்

பிரியமுள்ள மாமா,

உங்கள் மருமகளின் சலாம். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதுவதற்குத் தேவை எங்கே இருந்தது? அடுக்களையிலிருந்து நான் ஒரு குரல் கொடுத்தால் முன்னறையில் உங்களுக்குக் கேட்கும். நீங்கள் இரண்டு தடவை இருமினால் சாயா வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது நீங்கள் பள்ளிவாசல் கபர்ஸ்தானில், அந்த நெல்லி மரத்தின் பக்கம். அங்கே வந்து நிற்பது நம் வீட்டுப் பெண்களுக்கு வழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். இதை வேறு யாரும் படித்தாலும் படிக்கட்டும் என்றுதான் மூடாமல் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. நஸ்ரின் ஏழாம் வகுப்பு. மலையாளம் முத்து முத்தாக எழுதுகிறாள். தமிழில் எழுதச் சொன்னால் தன் பேரில் பாதியிலேயே நின்றுவிடுகிறாள். மட்டாஞ்சேரியில் நீங்கள் வேலை பார்த்த மிளகுக் கிடங்கில் இப்போது வெள்ளைக்காரர்களுக்குப் பழைய கதவும் பெட்டியும் விற்கிறார்கள். ஆனாலும் மழை பெய்தால் சுவரிலிருந்து மிளகு மணம் வருகிறது மாமா, நானே மூக்கை வைத்துப் பார்த்தேன். உங்கள் மகன் ஷார்ஜாவை ஒரேயடியாக விட்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. தோப்பும்படியில் படகு எஞ்சினுக்குச் சாமான் விற்கிற கடை போட்டிருக்கிறார்.

நோன்பும் வந்துவிட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது ஜனவரி மாதத்தில் வந்த நோன்பு, வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாளாக முன்னே நகர்ந்து நகர்ந்து இப்போது ஆகஸ்ட் மழைக்குள் நிற்கிறது. பகல் நீளம். ஆனால் வெயில் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த சேதியை எப்படிச் சொல்வது? உங்கள் மகனுக்கும் கண்ணில் அழுத்தம். உங்களுக்கு இருந்த அதே நோய்தான். அத்தாவுக்கு இருந்தால் பிள்ளைகள் நாற்பது வயதைத் தாண்டியதும் வந்து பார்த்துவிட வேண்டும் என்று உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டரம்மா அன்றைக்கே சொல்லியிருந்தார். நான் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனேன். நல்லவேளை, தொடக்கத்திலேயே கண்டுபிடித்தாயிற்று. மூன்று வேளை சொட்டு மருந்து. பயப்படாதீர்கள், பார்வை முழுதாக இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்தது. பதின்மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது.

நான் இந்த வீட்டுக்குள் கால் வைத்தபோது மாமி மௌத்தாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. உங்கள் மகன் கல்யாணம் முடிந்த நாற்பதாம் நாள் விமானம் ஏறிவிட்டார். வீட்டில் நீங்களும் நானும்தான். உங்களுக்கு நாலு வேளை கண் மருந்து. விடியலில் ஒன்று, மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஒன்று, சாயங்காலம் அஸருக்குப் பிறகு ஒன்று, படுக்கப் போகும்போது ஒன்று. நீங்களேதான் ஊற்றிக்கொள்வீர்கள். எங்கே ஊற்றினீர்கள்? நெற்றியில். மீசையில். ஒரு நாள் காதுக்குள் போய் அதற்குத் தனியாக ஒரு குதி குதித்தீர்கள். ஒரு மாதம் வரவேண்டிய குப்பி பத்து நாளில் காலி.

"மாமா, நான் விடட்டுமா?"

"வேண்டாம் மோளே. உனக்கு அடுக்களையில ஜோலி இருக்கும்."

"ஜோலி கிடக்கட்டும். மீசைக்கு மருந்து ஊத்தினா கண்ணு தெரியுமா?"

என் வாய் அப்படி. வந்து இரண்டு மாதம்கூட ஆகாத மருமகள் பேசுகிற பேச்சா அது? நீங்கள் கோபிப்பீர்கள் என்று பயந்தேன். நீங்களோ மீசையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். நான் இமையைத் தொட்டதும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டீர்கள். வெட்கம்! புதுப்பெண் நீங்களா நானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நாலைந்து நாளில் நமக்குப் பழகிவிட்டது. தலையைச் சுவரில் சாய்த்து மேலே பார்ப்பீர்கள். நான் கீழ் இமையை மெதுவாக இழுப்பேன். அங்கே சின்னதாய் ஒரு பை மாதிரி விரியும். அதற்குள் ஒரே சொட்டு. குப்பியின் வாய் இமைமயிரில் பட்டுவிடக் கூடாதென்று நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். மருந்து விட்டால் புருவத்துக்கு மேலே வலிக்கும், கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் மங்கலாக இருக்கும் என்பீர்கள். அந்த மங்கலோடுதான் கிடங்குக்குப் போவீர்கள். சாக்குக்குள் கை விட்டு ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, இது மிளகு, இது பப்பாளி விதை என்று சொல்லிவிடுவீர்கள். "என் நாக்குக்குக் கண்ணு வேண்டா மோளே" என்று பெருமை வேறு.

அந்த நாக்குதான் மாமா வினை செய்தது. நாக்கு மட்டுமா? என் வாயும்.

எனக்கு இந்த வீட்டில் முதல் நோன்பு. லுஹர் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். நான் குப்பியைத் திறந்துவிட்டேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"மோளே, ஒரு சம்சயம். இது விட்டா கொஞ்ச நேரத்தில தொண்டையில கசக்குது. நல்லாத் தெரியுது. நோன்பு முறியுமோ?"

என்னிடம் கேட்டீர்கள்! நீங்கள் சின்ன வயதிலேயே சாக்குத் தூக்கப் போனவர், ஓதப் படித்தது கொஞ்சம்தான். நான் ஏழு வருஷம் மதறஸாவில் ஓதி, பரீட்சையில் முதல் பிரைஸ் வாங்கியவள். கல்யாணப் பேச்சில் என் அத்தா அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் அதுவரை யாரும் என்னிடம் ஒரு மார்க்கச் சந்தேகம் கேட்டதில்லை. எனக்குத் தலை கால் புரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"முறியும் மாமா. தொண்டைக்கு ருசி வந்துட்டா உள்ளே போன மாதிரிதானே?"

இதை நான் எந்தக் கிதாபிலும் படிக்கவில்லை. எந்த உஸ்தாதும் சொல்லித் தரவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்ன விதத்தில் அப்படி ஓர் உறுதி. நீங்கள் தலையாட்டி, என் கையிலிருந்து குப்பியை வாங்கி மூடிவிட்டீர்கள். பள்ளிவாசல் நம் வாசலிலிருந்து எண்ணி நூறு அடி. நீங்கள் போய்க் கேட்கவில்லை. மருமகள் ஓதியவள், அவள் சொல்லிவிட்டாள், போதும்.

லுஹர் சொட்டு நின்றது. அஸர் சொட்டு நின்றது. விடியுமுன் சஹர் நேரத்தில் விட்டால் பாங்கு சொன்ன பிறகும் கசப்பு நிற்கிறது என்று அதையும் நிறுத்திவிட்டீர்கள். மிச்சம் இரவில் ஒன்று. ரமலானோடு முடிந்தால் பரவாயில்லையே! நீங்கள் அதற்கு முந்தைய ரஜபும் ஷாபானும் சேர்த்து மூன்று மாதம் வரிசையாக நோன்பு வைக்கிறவர். அதற்குப் பிறகு ஆறு நோன்பு. அப்புறம் திங்கள், வியாழன். நாலு வேளை மருந்து, வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதி நாள் ஒரே வேளை. எனக்கும் ஒரு வேலை மிச்சம் என்றுதான் அப்போது தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்த நோய் வலித்திருந்தால் நமக்குப் புத்தி வந்திருக்கும். அது வலிக்கவே வலிக்காதே! ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டு வரும், நடுவில் எல்லாம் தெளிவாகத் தெரியும். நாலு வருஷம் அப்படியே போனது. ஒரு நாள் மத்தியானம் உங்கள் இடது கண்ணில் தூசி விழுந்தது. அந்தக் கண்ணை மூடிக் கசக்கிக்கொண்டே என்னைக் கூப்பிட்டீர்கள்.

"மோளே, கரண்ட் போச்சா?"

கரண்ட் போகவில்லை. தலைக்கு மேலே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சன்னல் திறந்து கிடந்தது. நட்ட நடுப்பகல்.

மறுநாள் படகேறி எறணாகுளம் போனோம். டாக்டரம்மா எங்கள் பாலக்காட்டுப் பக்கம், தமிழும் மலையாளமுமாகப் பேசுவார். உங்கள் வலது கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு விளக்கை அணைத்தார். அந்தக் கண்ணில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, இடது கண்ணையாவது காப்பாற்றப் பார்ப்போம் என்றார்.

"மருந்து முடங்காம விட்டீங்களா உப்பா?"

"இல்ல டாக்டரே. இடைக்கிடைக்கு மறந்து போச்சு."

"மருமோள் ஓர்மப்படுத்தக்கூடாதா?"

"அவ சொல்லத்தான் செய்வா. நான்தான் கேக்கறதில்ல. அவளைக் குத்தம் சொல்லண்டா."

மாமா, உங்களுக்கு மறதியா? பத்து வருஷத்துக்கு முன்னால் எந்த வண்டியில் எத்தனை சாக்கு வந்தது என்று சொல்கிறவருக்கு? நான் பக்கத்திலேயே நின்றேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் காலத்தில் என் வாய்க்கு ஊரே பயப்படும், அன்றைக்கு அது திறக்கவில்லை.

டாக்டரம்மா புது மருந்து எழுதிக்கொண்டே, "தொண்டையில கசப்பு வருமோ?" என்று கேட்டார். வரும் என்று நான் சொன்னேன். "அழுதா மூக்கு ஒழுகுதில்லே? அதே வழிதான். கண்ணோட மூக்குப்பக்கத்து மூலையில ஒரு சின்ன ஓட்டை உண்டு. மருந்து அது வழியா மூக்குக்கும் தொண்டைக்கும் போயிரும். கண்ணுக்குன்னு விட்டது கண்ணில நிக்கணுமே?" என்றார். சொட்டு விட்டதும் கண்ணை மெல்ல மூடச் சொல்லி, மூக்கோரத்து மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். என் விரலைப் பிடித்து இடம் காட்டித் தந்தார். அங்கேயே, அந்த நாற்காலியிலேயே செய்து பார்த்தோம்.

இரண்டு நிமிஷம் கழித்து நீங்கள் வாயைச் சப்பிப் பார்த்தீர்கள். மறுபடியும் சப்பிப் பார்த்தீர்கள்.

"கசப்பு இல்ல மோளே" என்றீர்கள்.

அவ்வளவுதான் விஷயம். ஒரு விரல் நுனி. அந்த நேரம் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே பள்ளிவாசல் உஸ்தாதின் வீட்டுக்குப் போய், அவர் மனைவி மூலம் கேட்டேன். உள்ளே இருந்து பதில் வந்தது. கண்ணில் மருந்து விட்டால் நோன்பு முறியாது, தொண்டையில் ருசி தெரிந்தாலும் முறியாது. கேட்க எனக்கு ஆன நேரம், ஒரு சாயா குடிக்கிற நேரம்கூட இல்லை. திரும்பி வந்து உங்கள் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினேன். நீங்கள் கொஞ்ச நேரம் என்னை அழவிட்டீர்கள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னீர்கள்.

"அப்போ உனக்கு முதல் பிரைஸ் தந்த உஸ்தாதுக்குத்தான் ஆதியம் கண்ணு பரிசோதிக்கணும்."

சொல்லிவிட்டு நீங்களே சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகை இன்னும் கூடிற்று. "கரையண்டா, அழாதே. கேட்டது நான். பள்ளிவாசல் வரைக்கும் நடக்க எனக்குக் காலில்லையா? மடி, சோம்பல். கூட ஒரு சம்சயம், போய்க் கேட்டா ஆளுங்க சிரிப்பாங்களோன்னு. போகட்டும். அவன்கிட்ட இது சொல்லண்டா. கடலுக்கு அந்தப் பக்கம் கிடக்கான். கோபம் வந்தா ஃபோன்ல அது தீராது" என்றீர்கள். அவன் என்றால் உங்கள் மகன்.

நோன்பென்று மருந்தை நிறுத்தினீர்கள் என்று தெரிந்ததும் அவர் ஃபோனில் போட்ட சத்தம் உங்களுக்கு மறந்திருக்காது. "அத்தா, உங்க பிடிவாதம்தான்! மருந்து விடுறதுக்குக்கூட நாள் பாக்கணுமா?" என்று கத்தினார். எனக்கு அடுக்களை வரை கேட்டது. நீங்கள் ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆமாடா, பிடிவாதம்தான். நானாத்தான் விட்டேன்" என்றீர்கள்.

எத்தனை மருந்து, எத்தனை விதம், அதற்கப்புறம்! இடது கண்ணை ஆபரேஷன் செய்தபோது கண்ணுக்குக் கீழே ஊசி போடுவார்கள் என்று கேட்டதும், முப்பது வருஷம் மிளகுச் சாக்கோடு மல்லுக்கட்டிய மனிதர் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. அப்புறம் இரவில் களிம்பு. அதை ஓர் அரிசி மணி அளவு கீழ் இமைக்குள் இழுத்து வைத்து, மேலே ஓட்டை போட்ட மூடியை ஒட்ட வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தரம் சொட்டு. ஒன்று விட்டால் அடுத்த குப்பிக்கு ஐந்து நிமிஷம் பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும். நான் எல்லாம் கற்றேன். ஒரு சொட்டு தவறவிடவில்லை.

நோன்பு காலத்திலும் லுஹருக்குப் பிறகு நாற்காலி சுவரோரம் வரும். நான் கண்ணின் ஓரத்தில் விரல் வைப்பேன். நீங்கள் உதடு அசையாமல் தஸ்பீஹ் எண்ணுவீர்கள். முப்பத்து மூன்று, இன்னொரு முப்பத்து மூன்று, இன்னொரு முப்பத்து மூன்று. மூன்று சுற்று முடிந்தால் இரண்டு நிமிஷம். அதற்குக் கடிகாரம் எதற்கு என்பீர்கள். அந்த ஒற்றைக் கண்ணால் ஐந்து வருஷம் பத்திரிகை படித்தீர்கள், நஸ்ரின் எழுதிய முதல் எழுத்தைப் பார்த்தீர்கள், கடைசி நாள்வரை பார்வையோடே இருந்தீர்கள். வலது கண்ணும் இருந்திருக்குமா? டாக்டரம்மாவிடம் பிறகு ஒரு நாள் தனியாகக் கேட்டேன். நோயே பொல்லாதது, எது எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, உண்மையாகவே அப்படித்தானா? உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நீங்கள் போன பிறகாவது நான் உங்கள் மகனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லண்டா என்று நீங்கள் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஒளிந்துகொண்டேன். கடல் கடந்து அவர் வீட்டுக்கே வந்த பிறகும் ஒளிந்துகொண்டேன். எந்தப் பேச்சு வந்தாலும் "எங்க அத்தா மாதிரிப் பிடிவாதம் பிடிக்காதே" என்று நஸ்ரினைச் சொல்வார். நான் சோற்றைக் கிண்டிக்கொண்டிருப்பேன். உங்கள் பேர் என் முன்னாலேயே கெட்டுக்கொண்டிருந்தது மாமா, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம், முதல் நோன்பு. லுஹர் தொழுதுவிட்டு வந்தவர் உங்கள் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் குப்பியோடு போனேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தார்.

"ஊத்து. நோன்பு, அது இதுன்னு சொல்லிக் கண்ணைக் கெடுத்துக்க நான் அத்தா இல்ல."

ஒரு சொட்டு விட்டேன். கண்ணை மூடச் சொன்னேன். மூலையில் விரலை வைத்தேன். அவருக்கு என் முகம் தெரியாது. இப்போது சொல்லாவிட்டால் கபர் வரைக்கும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"அத்தா பிடிவாதம் பிடிக்கல. நோன்பு முறியும்னு சொன்னது நான்" என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். முதல் பிரைஸிலிருந்து படகேறியது வரை. அவர் கண்ணைத் திறக்கவில்லை. மூன்று சுற்றுத் தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும், விரலை எடுக்கத்தான் பயமாக இருந்தது. அடிக்கிற மனிதர் இல்லை. ஆனால் எழுந்து வெளியே போய்விடுவாரோ? உங்கள் ஒரு கண்ணுக்கு நான் என்ன ஈடு சொல்வேன்?

என் விரலில் சூடாக என்னவோ பட்டது. மூக்குக்குப் போகிற வழியை நான் அடைத்துப் பிடித்திருந்தேன் அல்லவா, அதனால் அது கன்னத்தில் இறங்கி தாடிக்குள் போயிற்று.

"ஃபோன்ல அத்தாவை அந்தக் கத்துக் கத்தினேனே ஜமீலா" என்றார். "அவரு ஒரு வார்த்தை சொல்லலியே."

நான் விரலை எடுத்தேன். அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் போய்விடலாம் என்று திரும்பினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, மறுபடியும் தலையைச் சுவரில் சாய்த்தார்.

"இன்னொரு சொட்டு விடு. மருந்தெல்லாம் வெளியே வந்துருச்சு."

விட்டேன் மாமா. இந்தத் தடவை அவர் எண்ணினார். முப்பத்து மூன்று, மூன்று சுற்று. எண்ணி முடித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை நான் கபருக்குப் போய் மாப்புக் கேட்டுக்கறேன். நீ என்ன செய்வே?" என்றார். எழுதுகிறேன் என்றேன். அதுதான் இந்தக் கடிதம்.

இனி நஸ்ரினின் முன்னால் உங்கள் பேரைச் சொல்லும்போது பிடிவாதம் என்ற பேச்சு வராது, நேற்றே அவளிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டோம். மருந்து விடவும் அவள் பழகிவிட்டாள், என்னைவிடக் கை சுத்தம். நம் சந்தில் கண்ணுக்கு மருந்து விடுகிற வீடு ஆறு இருக்கிறது. நாலு வீட்டுக்குப் போய் விரல் வைக்கிற இடத்தைக் காட்டிவிட்டேன், மிச்சம் இரண்டுக்கும் நாளைக்குப் போவேன். ஒவ்வொரு வருஷமும் ரஜபு பிறை தெரிந்த மறுநாள் போவேன். வேறு யாராவது என்னிடம் ஒரு சம்சயம் கேட்டால், தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டால் எனக்குத் தெரியாது, வாருங்கள், கேட்டுவிட்டு வருவோம் என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புவேன். இது உங்கள் வலது கண்ணின் மேல் நான் தரும் வாக்கு.

மாப்புக் கேட்டு நிற்கும் உங்கள் மருமகள்,
முதல் பிரைஸ் ஜமீலா